மூலிகைக் கிணறு

வீட்டை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறது என்றதும் முதலில் செய்த வேலை, ஓட்டின் மேல் கிடந்த டயப்பர்களை எடுத்ததுதான். ஏழு கிடந்தன. சீசனுக்கு வந்து தங்குகிறவர்கள் குழந்தைக்கு மாட்டியதைச் சுருட்டி வேலிப் பக்கம் எறிவார்கள். குரங்கு அதைத் தின்கிற பொட்டலம் என்று ஓட்டுக்கு மேலே கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கும். பிறகு அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடும். மழையில் ஊறி வெயிலில் காய்ந்து ஓட்டோடு ஒட்டிக் கிடந்ததைத் தரகர் துரட்டியால் இழுத்துப் போட்டார். கீழே விழுந்ததை நான் பொறுக்கினேன்.

எங்கள் வீடு குற்றாலத்திலிருந்து இலஞ்சிக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது. முன்னால் பழைய ஓட்டு வீடு, பின்னால் தோட்டம். என் வீட்டுக்காரர் போனபிறகு மகன் தோட்டத்தில் பாதியை அழித்து நாலு அறை கட்டி, சாரல் காலத்தில் வாடகைக்கு விட்டான். அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. கூட்டிக் கழுவ நான் இருந்தேன். பதினோரு வருஷம்.

அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். அவர்கள் போனபிறகு கதவைத் திறக்கிறவளுக்குத்தான் மீதி தெரியும். சுவரெல்லாம் எண்ணெய்க் கை. தண்ணீர் போகிற ஓட்டையில் சீயக்காயும் முடியும் உருண்டு அடைத்திருக்கும். விரலை விட்டுத்தான் இழுக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் கோழி எலும்பு. பலா மரத்தடியில் பாட்டில்கள், அவற்றில் சிலதில் இருப்பது சாராயம் இல்லை. சொல்லக் கூசுகிற சாமானும் கிடக்கும். சாரல் இறங்கிவிட்டது என்று ஊரெல்லாம் குளிர்ந்து போயிருக்கும்போது எனக்குக் குமட்டும்.

அதனால் வீட்டை விற்க ஆசைப்பட்டது நான்தான். புருஷனோடு வாழ்ந்த வீடு என்ற பிடிப்பு மகனுக்கு இருந்தது, எனக்கு இல்லை. தென்காசியில் ஒரு அறை, ஒரு குழாய், காய்ந்த தரை, என் அழுக்கை மட்டும் நான் கழுவினால் போதும். ரொம்ப நாள் இழுத்துவிட்டு அவன் சம்மதித்தான். சாரலுக்கு முன்னால் விற்றால் நான் தப்பினேன். இல்லாவிட்டால் இன்னொரு சீசன்.

தரகர் கெட்டிக்காரர். சுவருக்கு வெள்ளை அடித்தார். எண்ணெய்க் கறை வெள்ளைக்கு அடியிலிருந்து மறுநாளே எழும்பி வந்தது. காய்க்காத மங்குஸ்தான் மரத்தில், கடையில் ஒரு கிலோ வாங்கி நூலால் கட்டிவிட்டார். பார்ட்டி வருவதற்குள் குரங்கு தின்று மேல்தோட்டைத் துப்பிவிட்டது. அவர் சளைக்கவில்லை.

"நல்லதுதான் ஆச்சி. தோடு கெடந்தாத்தான் மரம் காய்க்குதுன்னு நம்புவாவ."

கக்கூஸ் குழி கிணற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இடம் பார்க்காமல் மகன் தோண்டிய குழி. மழை பிடித்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும், கிணற்றுத் தண்ணீரில் நுரை கட்டும். நான் குடிக்கத் தெருக்குழாயில் பிடித்து வைத்துக்கொள்வேன். அந்த மூடியின் மேல் தரகர் ஆற்று மணலைப் பரப்பி, நாலு சிமெண்டுத் தொட்டியில் ரோஜா கொண்டுவந்து வைத்தார். பூவும் இருந்தது. பீக்குழி மேல் ரோஜாப் பூ.

பார்ட்டி பாவூர்சத்திரத்துக்காரர்கள். காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறவரும் அவருடைய அம்மாவும். "நீங்க அடுப்பங்கரையிலேயே இருங்க ஆச்சி, ஒண்ணும் பேசண்டாம்" என்று தரகர் சொல்லியிருந்தார். அதை எனக்குச் சொல்லவே வேண்டாம். வெளி ஆள் முன்னால் எனக்கு வாய் எழும்பாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

ஆண்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா நேரே பின்பக்கம் வந்துவிட்டார். என் வயசுதான் இருக்கும்.

"இங்கனதான் இருக்கியளா மதினி? வீட்ட பின்னால வந்துல்லா பாக்கணும். முன்னால என்ன இருக்கு, சுண்ணாம்பு."

ஒவ்வொரு கக்கூஸ் கதவையும் காலால் தள்ளிப் பார்த்தார். ரோஜாவை மோந்து பார்த்து நல்ல வாசம் என்றார். பிறகு கிணற்றில் வாளியை விட்டு இறைத்தார்.

"குத்தாலத்து மூலிகைத் தண்ணில்லா. மூட்டு வலிக்கு நல்லதும்பாவ."

வருகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். மலை மூலிகையெல்லாம் ஊறி வருகிறது என்று சீசன்காரர்கள் கேனில் நிரப்பி ஊருக்குக் கொண்டுபோவார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் சொல்லாதே என்று மகன் சொல்லியிருந்தான். இந்த அம்மா கையைக் குவித்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"குடிக்காதிய" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு விட்டுவிடலாம், காரணத்தை அவர் எப்படியும் நினைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தேன். அவர் நினைத்துக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது. கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டார்.

"நான் கோரிக் குடிச்சா ஒங்க கிணறு தீட்டாயிருமோ? மார்க்கெட்ல மூட்டை தூக்குதவனும் நானும் ஒரே செம்புல குடிக்கோம். இன்னும் இந்தப் புத்தி போவலையா ஒங்களுக்கு?"

அப்படி ஒரு பேர் வாங்கிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அப்டி இல்ல மதினி. நீங்க தொட்டுக் கெடுததுக்கு அதுல ஒண்ணும் மிச்சம் இல்ல."

ஒரு தொட்டியைப் பிடித்துத் தள்ளினேன். நகரவில்லை. என்னத்துக்கு என்று தெரியாமலே அவரும் ஒரு கை கொடுத்தார். இரண்டு பேருமாக இழுத்துவிட்டு, காலால் மணலை ஒதுக்கினேன். மூடியின் விளிம்பில் ஈரமும் புழுவும் தெரிந்தன. வாசம் அவருக்கே சொல்லிவிட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கிருந்து கிணறு வரைக்கும் எட்டு வைத்து அளந்தார். ஒன்பது எட்டு.

"ரூமுக்கு வாறவன் குடிக்கானே?"

"குடிக்காவ."

"நீங்க பாத்துக்கிட்டு இருப்பிய."

அவர் முதலில் குழியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

முன்னால் போய்த் தன் மகனிடம், "எனக்கு மனசுக்குப் பிடிக்கலய்யா, வா" என்று மட்டும் சொன்னார். கார் போய்விட்டது. நகர்ந்து கிடந்த தொட்டியைப் பார்த்ததும் தரகருக்கு விளங்கிவிட்டது.

"வாயில்லாப் பூச்சின்னுல்லா ஊருக்குள்ள சொன்னாவ. அந்த வாயத் தொறக்கதுக்கு ஒங்களுக்கு இண்ணைக்குத்தான் நாள் கெடச்சுதா ஆச்சி?"

தரகர் சொல்லி, என் மகன் போனில் கேட்டான். "யம்மா, ஒனக்கு விக்கணுமா வேண்டாமா?"

"விக்கணும்யா."

"பொறவு?"

சாரல் இறங்கியது. முதல் வேன் வந்து நின்றபோது விளக்குமாறு என் கையில் இருந்தது. டிரைவர் தலையை நீட்டி, "ரூம் இருக்கா ஆச்சி?" என்றார். "இருக்கு. கிணத்துல கக்கூஸ் தண்ணி எறங்குது" என்றேன். வேன் அப்படியே திரும்பிப் போய்விட்டது. அடுத்த வேனுக்கும் அதையே சொன்னேன். ஒருத்தர், "கெழவிக்கு மண்டைக்கு வழியில்ல போல" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர்கள் வயிற்றுக்காகச் சொன்னேன் என்றால் பொய். வேன் திரும்பினால் கழுவுகிற வேலை இல்லை, அதற்காகத்தான் சொன்னேன். அந்தச் சீசன் நாலு அறையும் காய்ந்து கிடந்தது.

மகன் வந்தான். அவனும் தரகரும் என் காதுபடவே பேசினார்கள். "ஆச்சி இங்கன இருக்கவரைக்கும் வீடு போவாது. தென்காசில ஒரு ரூம் பாத்து உக்கார வச்சிருங்க." பதினோரு வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தது இப்படித்தான் கிடைத்தது. என் வாயைக் கட்ட அதை எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். மாடி அறை, வாசலிலேயே குழாய். முதல் வாரம் தரையைத் துடைத்துத் துடைத்து அதில் படுத்துக்கிடந்தேன்.

பிறகு சிவகிரியிலிருந்து ஒரு பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறது என்று மகன் சொன்னான். "கிணத்தப் பத்தி சொல்லிட்டியா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் அங்கே நின்றிருப்பேன். மழை தூறுகிறது என்று சொல்லிக்கொண்டு போகாமல் இருந்தேன்.

பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டும் என்று ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். வீட்டை வாங்குகிற சிவகிரிக்காரர்களை அங்கேதான் பார்த்தேன். சின்னஞ்சிறுசுகள், இடுப்பில் ஒரு பிள்ளை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்களும் ரூம் விடத்தான் போறோம் ஆச்சி. பாக்க வந்தண்ணைக்கு ஒங்க கிணத்துத் தண்ணிய ரெண்டு பாட்டில் பிடிச்சிட்டுப் போயி எங்க மாமனாருக்குக் குடுத்தேன்."

தரகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எங்கம்மாவுக்குக் கூச்சம்" என்று மகன் அவளிடம் சொன்னான். பேனாவைக் கொடுத்தார்கள். காட்டின இடத்தில் எல்லாம் எழுத்துக்கூட்டிப் பேரை எழுதினேன்.

"சாரலுக்கு வாங்க ஆச்சி. ஒங்க வீட்லயே நாலு நாள் தங்கிட்டுப் போலாம்" என்றாள் அவள்.

சரி என்றேன்.