நடுவில் இறங்கிய திரை

எங்கள் பம்ப் கம்பெனியின் மீட்டிங் ரூமுக்கு புரொஜெக்டர் ஸ்கிரீன் பார்க்க, பீளமேட்டில் ஒரு கடைக்கு நானும் தம்பியும் தனித்தனிக் காரில் போயிருந்தோம். உள்ளே நுழைந்ததிலிருந்தே எனக்கு எப்போது கிளம்பலாம் என்றிருந்தது.

கடைக்காரர் ரிமோட்டை அழுத்தினார். சீலிங்கில் இருந்த மெல்லிய இடைவெளியிலிருந்து வெள்ளைத் துணி இறங்கியது. நான் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். முதலில் அவன் முகம் மறைந்தது, கடைசியில் செருப்பு மட்டும் தெரிந்தது.

"மோட்டார் சத்தமே வராதுங்க" என்றார் கடைக்காரர்.

புதுத் துணியின் வாசம் மூக்கில் ஏறியது. நான் சிறுவனாக இருக்கையில் அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தி, வீட்டுக் கூடத்தின் குறுக்கே ஒரு லாரிப் படுதாவைக் கட்டினார்கள். அதிலும் இதே வாசம்தான். படுதாவுக்கு அடியில் சித்தப்பாவின் பாதங்கள் நிலைகொள்ளாமல் நடக்கும்.

"கண்ணு, கிணத்து மோட்டாரைப் போடலாமான்னு உங்கப்பாகிட்டக் கேட்டுச் சொல்லு."

"போடச் சொல்லு கண்ணு" என்பார் அப்பா.

இருவருக்கும் எல்லாம் கேட்கும். ஆனாலும் நான் படுதாவுக்கு அடியில் குனிந்து போய், கேட்டதையே மறுபடி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மோட்டார் ஓடும்.

கடைக்காரர் ஸ்கிரீனின் ஓரமாகச் சுற்றித் தம்பியிடம் போனார். "இதையே போட்டறலாங்களா?"

"அண்ணங்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

அவர் என்னிடம் திரும்பி வந்து வாயைத் திறந்தார்.

"கேட்டுச்சுங்க" என்று ரிமோட்டை வாங்கி அழுத்தினேன். ஸ்கிரீன் அதன் வேகத்தில்தான் ஏறியது. அது என் இடுப்புக்கு வருவதற்குள் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டேன்.