நான் தள்ளி வைத்த ஃபைல்

அவள் மேல் வந்த அளவுக்குப் பொறாமை எனக்கு வேறு யார் மேலும் வந்ததில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் இருவரும் பைத்தான் படித்தோம். நான் தியாகதுருகத்திலிருந்து வருவேன். வீட்டில் லேப்டாப் உண்டு. அவள் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருவாள். வீட்டில் ஒன்றும் கிடையாது. ப்ரோகிராமை நோட்டில் பென்சிலால் எழுதிக் கொண்டுவருவாள். மெஷினில் அடித்தால் முதல் தடவையே ஓடும். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவள் டப்பாவில் கொண்டுவரும் சாமைச் சோற்றுக்குக்கூட எல்லோரும் கை நீட்டுவார்கள். என் லெமன் சாதத்தை ஒருத்தரும் கேட்டதில்லை.

படிப்பு முடியும் சமயத்தில், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார், ஒருவருக்கு அங்கேயே வேலை தரப்போவதாகச் சொன்னார். ஒரு ஃபைலைத் திறந்து, அதில் உள்ளதைப் படித்துக் காட்டும் ப்ரோகிராம் எழுத வேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை. அது எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைவிட, அவளுக்குப் போகக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

திறக்கப் போகும் ஃபைல் இல்லாமல் போனால் ப்ரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்று சார் ஒரு வகுப்பு முழுக்க நடத்தியிருந்தார். நான் அதைச் சேர்க்கவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் விடும் நாட்களை நானே ஒரு ஃபைலாக எழுதி, நானே மெஷினில் போட்டு வைத்திருந்தேன். அது எங்கே போய்விடப் போகிறது?

தேர்வன்று காலையில் சீக்கிரமே போய்விட்டேன். எல்லோருடைய ப்ரோகிராமும் ஃபைலும் ஒரே மெஷினில்தான் இருந்தன. தன் ஊரில் யார் யார் என்ன விதைத்தார்கள் என்று அவள் எழுதி வைத்திருந்த ஃபைலை எடுத்து, வேறொரு ஃபோல்டருக்குள் தள்ளினேன். அழிக்கவில்லை. அழிக்காததால் என்னை நல்லவள் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அவள் முறை வந்தது. சிவப்பு எழுத்தில் பிழை வந்து நிற்கும் என்று காத்திருந்தேன். திரையில் தமிழில் ஒரு வரி வந்தது: "விதைப்புப் பட்டியல் இங்கே இல்லை. வேறு எங்கே இருக்கிறது?" அவள் சற்று முழித்தாள். பிறகு தேடிக் கண்டுபிடித்து, இருக்கும் இடத்தை அடித்தாள். பட்டியல் முழுசாக வந்துவிட்டது. இதை எப்படி யோசித்தாய் என்று சார் கேட்டார்.

"எங்க ஊருக்கு பஸ் வரும்னு நம்பிக்கினு இருக்க முடியாதுங்க சார். வரலன்னா இன்னா பண்றதுன்னு மொதல்லயே யோசிச்சி வெச்சிக்குவோம்."

சார் குஷியாகிவிட்டார். மற்றவர்களுடையதையும் இப்படியே சோதிக்கலாம் என்று சொல்லி, என் ஃபைலை என் கண் முன்னாலேயே இடம் மாற்றினார். என் ப்ரோகிராமை ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. வேலை அவளுக்குப் போனது.

மாடிப்படி இறங்கும்போது அவள் என் கூடவே வந்தாள்.

"அக்கா, உங்களுத சார் மாத்தி வெச்சாரு. என்னுத யாரு மாத்துனாங்கன்னு தெரியல. அவுங்க மாத்தலன்னா எனக்கு இந்த வேல கெடைச்சிருக்காது."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. கோபத்தின் சாயலே இல்லாத அவள் முகத்தைப் பார்த்து, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.