சாமான் ரூம்புல போட்ட எலை

சாமான் ரூம்புல அரிசி மூட்டைங்களுக்கு நடுவுல ரெண்டு எலை. ஒண்ணு அந்தப் பையனுக்கு, ஒண்ணு எங்க வார்டன் ஐயாவுக்கு. வேலூர்ல ஒரு காலேஜு ஹாஸ்டலைப் பாத்துக்கிட்ட வாத்தியாரு அவரு. நான் அங்க பரிமாறுறவன். எவ்ளோ வருஷமோ ஆச்சு, அந்த ரெண்டு எலைதான் கண்ணுல நிக்குது.

பையனுக்கு ஆம்பூரு. அவங்கப்பன் தோல் பதம் பண்ற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில எறங்கி வேலை செய்றவரு. அந்தத் தெருவுலேருந்து காலேஜு வரைக்கும் வந்தவன் இவன் ஒருத்தந்தான். இவனாவது தொட்டியில எறங்காம இருக்கணும்னு அவங்கப்பனுக்கு ஆசை. அந்த வருஷம் மழையே இல்ல, பாலாறு வெறும் மணலு... சரி, அது கெடக்கட்டும். அவன் பந்தியில ஒக்காந்தா எங்க புள்ளைங்கள கூட்டிட்டுப் போய்டுவோம்னு பெரிய வீட்டு அப்பனுங்க வந்து நின்னாங்க. காலேஜு கவுன்சில் கூடுச்சு. சாயங்காலம் வரைக்கும் பேசிட்டு பிரின்சிபால் தொரை வெளிய வந்து, "கொஞ்ச நாளைக்கு அவன் தனியா சாப்பிடட்டும்"னு வார்டன் ஐயாகிட்ட சொன்னாரு. தொரையும் நல்லவருதான், உள்ள ஒக்காந்திருந்தவங்களும் நல்லவங்கதான். அதான் எனக்குப் பேஜாரு.

வார்டன் ஐயாவுக்கு மனசு ஆறல. தானும் சாமான் ரூம்புக்குப் போய் அவன்கூடவே ஒக்காந்து சாப்ட்டாரு. எங்களுக்கெல்லாம் அது பெருசாத்தான் தெரிஞ்சுது. ஒரு நா பையன் சோத்தப் பெசஞ்சிக்கிட்டே, "ஐயா, நீங்க இங்க வர வர இது நல்ல ரூம்பாய்டும். அப்புறம் யாருக்கும் இந்தத் தனி எலைய எடுக்கணும்னு தோணாது"ன்னான். ஐயா கையி எலையிலயே நின்னுட்ச்சு.

மறுநா பையன் நேரா ஹாலுக்கு வந்து பந்தியில ஒக்காந்துட்டான்.

"தோல் நாத்தம் எலைக்கே வந்துட்ச்சுடா"ன்னு ஒருத்தன் மூக்கைப் புடிச்சான்.

"உங்கப்பன் கப்பல்ல ஏத்தி விக்கிறது இன்னா, மல்லிப்பூவா?"ன்னு மூக்கைப் புடிச்சவனையே திருப்பிக் கேட்டான் எதிர்ல இருந்தவன்.

சிரிப்பு அடங்கினதும் எல்லாரும் என்னையே பாத்தாங்க. வார்டன் ஐயா வாசப்படியில நிக்கிறாரு. போடுன்னும் சொல்லல, போடாதன்னும் சொல்லல. பந்தியில ஒரு எலைய விட்டுட்டு அடுத்த எலைக்குப் போவக் கூடாது, எங்க வேலையில அது கைப்பழக்கம். தைரியமெல்லாம் இல்ல. அவன் எலை வந்துச்சு, சோறு விழுந்துச்சு. பாதிப் பேரு எழுந்துட்டாங்க. அவ்ளோ பெரிய கவுன்சிலு செய்ய வேண்டிய முடிவு, சோத்து வாளிக்காரன் கையில வந்து நின்னுச்சு பாருங்க.

என்னை வேலைய விட்டு நிறுத்தல. நிறுத்தினா ஏன்னு வெளிய சொல்லணுமே. பையனைத்தான் தொரை கூப்ட்டு, ஹாஸ்டல் வேணாம்பா, வீட்லேருந்தே ரயில்ல வா, சண்ட கம்மியாவும்னாரு. கொஞ்ச நா வந்தான். அப்புறம் வரல. அப்பன்கூடவே தொட்டியில எறங்கிட்டான்னு கேள்வி.

போன மாசம் காலேஜுல விழா. பழைய ஆளுன்னு என்னையும் முன்னால ஒக்கார வச்சாங்க. இப்போ எல்லாரும் ஒரே ஹால்லதான் சாப்புடறாங்க, நல்லதுதான். மேடையில ஒருத்தரு, "இங்க மொத நாள்லேருந்தே எல்லாருக்கும் ஒரே பந்தி"ன்னாரு. படபடன்னு கை தட்டினாங்க. நான் தட்டல.

பக்கத்துல இருந்தவரு, பெரியவருக்குக் காது கேக்கல போலன்னு குனிஞ்சு, அதையே இன்னும் சத்தமா என் காதுல சொன்னாரு.