ஈரத் துணியோடு வீடு பார்க்கப் போனவர்

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஈரத் துணியை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்களா? எங்கள் அக்கா போனார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, என் கணவரின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் கூப்பிட்டேன். மண்ணரைப் பகுதியில் பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டு, அக்காவின் கணவரான மூத்தவரும் அக்காவும் நானும் போயிருந்தோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். தேக்குக் கதவைத் தட்டித் தட்டிக் காட்டினார். இரண்டே அறை, சுவரெல்லாம் விரிசல். அக்கா கதவை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே கொல்லைப்புறம் போனார்.

கொல்லைப்புறமா அது! ஊருக்குள் அவ்வளவு பெரிய வெற்றிடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மூலையில் கிணறு, ஒரு வேப்பமரம், மற்றதெல்லாம் வெயில். அக்கா பனியன் துணித் துண்டுகளை நாலு இடத்தில் விரித்துவிட்டுத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, ஊடு பாக்க வந்தீங்களா, துணி காயப்போட வந்தீங்களா?" என்றார் வாத்தியார்.

"துணி காயறதப் பாக்கத்தானுங்க வந்தேன்."

எனக்கு வெட்கத்தில் உயிரே போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து, ஒவ்வொரு துண்டையும் எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கிற கைக்கு ஈரம் தெரியாது, கன்னத்துக்குத்தான் தெரியும் என்பார். நாலு துண்டும் மொறமொறவென்று காய்ந்திருந்தன. அவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன்.

காரணம் இருந்தது. அறுபதுகளில் எங்கள் குடும்பத்துத் தொழில், சிறிய பனியன் கம்பெனிகளுக்குத் துணி வெளுத்துக் காயவைத்துக் கொடுப்பது. காயப்போடும் நிலம் வாடகைக்கு எடுத்தது. அதன் சொந்தக்காரர் சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வெளுக்கிற தொட்டியை எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். வெயில் விழுகிற தரை இல்லாவிட்டால் தொழிலே கிடையாது. ஆண்கள் இருவரும் மறுபடி யாரிடமாவது கூலிக்குப் போய் நிற்க வேண்டும். "அதுக்கு நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று அக்கா ஒருமுறை என்னிடம் அழுதே விட்டார்.

ஆனால் எங்கள் வீட்டில் முருகனைக் கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கோயிலில் சாமி முன் வைத்து, ஏதாவது ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். மூத்தவர் தனியாகப் போய்க் கேட்டார். சிவப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபடியே, "முருகனே வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு" என்றார்.

அக்கா பதறவே இல்லை. "என்னன்னு கேட்டீங்க?"

"வேறென்ன கேப்பாங்க? அந்த ஊட்ட வாங்கலாமான்னுதான்."

"அதுக்கு அவரு சரியாத்தான சொல்லியிருக்காரு! அந்த ஊட்ட எவன் வாங்குவான்? நாம வாங்கறது எடத்தத்தானுங்க. எடத்தைப் பத்தி நீங்க கேக்கவே இல்லியே!"

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

அடுத்த கிருத்திகைக்குக் குடும்பத்தோடு போனோம். அக்கா சன்னதியில் நின்று, ஐயருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கும்படி, "சாமி, ஊட்டப் பத்திக் கேக்கல. கெணறும் வெயிலும் இருக்கற அந்த எடத்தை வாங்கலாமா, சொல்லு" என்றார். என் மகள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டே அதைப் பிரித்தார். அவ்வளவு தைரியமும் வாயில்தான் போலிருக்கிறது. உள்ளே வெள்ளை அரளி. அதை என் மகள் தலையில் செருகிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

இன்று அந்த இடத்தில் எங்கள் பிள்ளைகளின் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. துணியை இயந்திரம் காயவைக்கிறது, வெயிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்வேனா? ஆனாலும் எங்கள் தரையில் முதன்முதலாகத் துணி விரித்த நாளுக்கு அது ஈடாகாது. வேப்பமர நிழலை மட்டும் விட்டுவிட்டு, மீதி இடம் முழுக்க வெள்ளை வெளேரென்று விரித்திருந்தோம்.

பழைய நிலத்தில் சாயங்காலம் நாலு மணிக்குச் சொந்தக்காரரின் மாடுகள் திரும்பிவிடும். காய்ந்ததோ காயவில்லையோ, அதற்குள் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். பத்து வருஷப் பழக்கம். அன்றும் நாலு மணி மில் சங்கு ஊதியதுதான் தாமதம், நாங்கள் நாலு பேரும் எழுந்து குனிந்து அள்ளத் தொடங்கிவிட்டோம். நான் பாதி வரிசையைச் சுருட்டியும் விட்டேன்.

"ஏ, உடுங்க! உடுங்கங்கறேன்!" அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினார். "கெடக்கட்டும்! யாரு வந்து நம்மளக் கேக்கறது?"

அள்ளியதை மறுபடி விரித்தோம். மூத்தவர் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். வெயில் இறங்குகிற வரைக்கும் யாருமே எழுந்திருக்கவில்லை.