துணி காயாத அறை

எந்த அறைக்குள் போனாலும் சித்தியின் கை முதலில் கதவு நிலையின் மேல்விளிம்புக்குத்தான் போகும். எட்டாவிட்டால் எம்புவார். மோதிர விரலை ஒரு சாண் தூரம் இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் தேய்த்து உதிர்ப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, வீங்கிய கன்னத்தோடு இதைச் செய்தார். "பரவால்ல, சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்று மருத்துவருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

நூற்றுப்பத்து அறைகள் உள்ள ஓட்டலில், அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அவர் மேற்பார்வையாளர். பத்தொன்பது வருடமாக. யாரோ காலிசெய்துவிட்டுப் போன அறையில் ஒரு நிமிடம் நின்றால் போதும். "இவரு இடது கைக்காரரு. ராத்திரி தூங்கவே இல்ல, தலையணைய எத்தன தடவ பொரட்டிப் போட்டிருக்காரு பாரு" என்பார். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'தூசி மேடம்'. அது அவருக்கும் தெரியும். "அவன் பெருக்கின எடத்த நான் திரும்பப் பெருக்கவெச்சா வேற என்ன பேரு வெப்பான்?"

இந்த வருடம் அவர் மகளுக்குக் கல்லூரி பார்க்கக் கிளம்பினார். மூன்று இடங்களில் சேர அனுமதி கிடைத்திருந்தது. மூன்றுமே வெளியூர், விடுதியில்தான் தங்க வேண்டும். எது என்று முடிவுசெய்து எழுதிக் கொடுக்க ஒரு மாதம் அவகாசம். தங்கைக்குப் பதினேழு வயது. பேருந்தில் தன் நிறுத்தம் வந்துவிட்டது என்று ஓட்டுநரிடம் சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், அதிகம் பேசத் தெரியாது. இரண்டு தகுதியையும் உத்தேசித்து சித்தி என்னைக் கூட்டிக்கொண்டார்.

முதல் கல்லூரியில், பெற்றோர்களைக் கூட்டமாக ஒரு மாணவர் அழைத்துக்கொண்டு போனார். பத்தாவது அடியிலேயே சித்தி பிரிந்துவிட்டார். "கூட்டத்தோட போனா அவங்க காட்டுறதத்தான் பாப்போம்." அறிவிப்புப் பலகையில் தேதிகளை மட்டும் படித்தார். நூலகத்தில் புத்தகங்களை விட்டுவிட்டு, எந்த நாற்காலிகளின் இருக்கை தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். உணவகத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் எதிரே போய் உட்கார்ந்தார். "ஒடம்புக்கு முடியலன்னா இங்க யார்கிட்டம்மா சொல்லுவ?" அந்தப் பெண் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள்.

"யோசிச்சா பாத்தியா," என்றார் சித்தி காரில் ஏறும்போது. அந்தக் கல்லூரி அத்தோடு முடிந்தது.

இரண்டாவது, கண்ணாடிக் கட்டடம். தங்கைக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. நுழைவாயிலைப் படம் எடுத்துத் தோழிக்கும் அனுப்பிவிட்டாள். விடுதியில் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். சித்தி விரலை இழுத்துப் பார்த்தார், தூசி இல்லை. குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இந்த ரூம்ல யாரும்மா இருக்காங்க?"

"ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் இருக்காங்க மேடம்," என்றார் வார்டன்.

"யாரும் இல்லம்மா. சோப்பு நனையவே இல்ல. குப்பக்கூடைக்குள்ள ஒரு கறை இல்ல. ஜன்னல்ல ஒரு துணி காயல. பொண்ணுங்க இருக்கிற ரூம்ல துணி காயாம இருக்குமா? காட்டுறதுக்குன்னு நாங்களும் ஓட்டல்ல ஒரு ரூம் வெச்சிருக்கோம். ஆள் இருக்கிற ரூமாக் காட்டுங்க."

இருபது பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு அனுமதி இல்லை என்று வார்டன் முணுமுணுத்தார். தங்கை தரையைப் பார்த்தாள்.

காரில்தான் வெடித்தாள். "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டம்மா."

"பொய் சொன்னது அவங்க. ஒனக்கு என்னடி வெக்கம்?"

"எல்லாத்தையும் நீயே கேட்டுட்ட. நீயே போய் அங்க இருந்துக்கோ. நான் எதுக்கு?"

சித்தி இரண்டு மணி நேரமும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது பயணத்தன்று, சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் காரோடு போனேன். கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு வந்த சித்தி, தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "கட்டிக்கிச்சு," என்றார், காற்று மட்டும் வரும் குரலில். வழியில் ஒரு பட்டை தொண்டை மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

அங்கேயும் ஓர் அறையைத் திறந்தார்கள். அதே விறைப்பான படுக்கை, அதே காய்ந்த சோப்பு. சித்தி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். தங்கை அவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைக் காட்டிவிட்டு, மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கூட்டம் அடுத்த தளத்துக்கு நகர்ந்தது. தங்கை நகரவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்... இங்க யார் இருக்காங்க?"

"என்னம்மா?" பாதிப் படியில் திரும்பினார் வார்டன்.

"இல்ல, துணி எதுவும் காயல. ஆள் இருக்கிற ரூம் ஒண்ணு பாக்கலாமா?"

வார்டன் சிரித்துவிட்டார். "இது காட்டுற ரூம்தான். மேல வா. ஆனா மூக்கப் பொத்திக்கோ, இப்பவே சொல்லிட்டேன்."

மாணவிகளின் தளம் என்பதால் அவளை மட்டும் அழைத்துப் போனார். சித்தி படிக்கட்டில் உட்கார்ந்தார். மேலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "ஆபீஸ்ல சொல்லிட்டு நீங்களும் மேல போங்களேன் சித்தி?" என்றேன். வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தங்கை இறங்கி வந்தாள். கொடியில் தொங்கிய ஏதோ ஒரு துணி சொட்டி, தோளில் ஈரத் திட்டு.

"மூணு பேரும்மா ஒரு ரூம்ல. ஏழு மணிக்கு மேல தண்ணி வராதாம். லேப் மட்டும் எப்பவும் தெறந்தே இருக்குமாம். போன மாசம் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தப்ப மத்த ரெண்டு பேரும் மாறி மாறிப் பாத்துக்கிட்டாங்களாம். நான் இங்கதான் சேரப் போறேன்."

கேள்வி இல்லை, அறிவிப்பு. சித்தி தலையசைத்தார். திரும்பும் வழியெல்லாம் தங்கைதான் பேசினாள். சித்தியின் உதடுகள் நாலைந்து தடவை பிரிந்தன. ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு மாத்திரை போயிற்று. ஊர் வந்தபோது பட்டை காலி.

தங்கை அங்கேயே சேர்ந்தாள். அதற்கப்புறம் ஒருநாள் சித்தியை அழைத்துவர ஓட்டலுக்குப் போயிருந்தேன். சலவைப் பகுதிக்காரரிடம் பேச எதுவும் தோன்றாமல், அந்தச் சனிக்கிழமை பாவம், தொண்டை கட்டியும் மகளுக்காக அவ்வளவு தூரம் வந்தார் என்றேன்.

அவர் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தார்.

"எந்தச் சனிக்கிழம? பொண்ணுக்குக் காலேஜ் பாக்கப் போன அன்னிக்கா? காலையில ஆறு மணிக்கு ஒரு எட்டு வந்துட்டுத்தானே சார் போனாங்க. துண்டு மடிச்சது சரியில்லன்னு நாலாவது மாடியில நின்னு கத்தினாங்க பாருங்க, கீழ கார் நிறுத்துற எடத்துல எனக்குக் கேட்டுச்சு."