சின்னவனின் கதிரை

பத்து வயதில் என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. முன்பக்கத்தில் பள்ளிக்கூடக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து, எனக்குச் சந்தேகமாகப் பட்டவை எல்லாம். பால்காரர் இன்றைக்கு ஏன் அளவுக்கு மிஞ்சிச் சிரித்தார், வைரவர் மடைப் படையலில் வடைமாலை ஏன் நீளம் குறைந்து கட்டையாகிவிட்டது, அக்கா ஒரே நாளில் ஏன் இரண்டு தரம் கோயிலுக்குப் போனாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். "பொலிசிலை சேரவேண்டிய பெட்டை, தவறி என்ரை வயித்திலை வந்து பிறந்திட்டுது" என்பார்.

அந்தக் கொப்பியில் பெரும்பங்கு பெரியப்பா வீட்டுத் தொலைக்காட்சியைப் பற்றியது.

எங்களுடையது பருத்தித்துறைப் பக்கத்துக் கரையோர ஊர். வீட்டுக்கு ஒருவராவது கப்பலில் இருப்பார். பெரியப்பா இருபது வருஷம் எண்ணெய்க் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்துவிட்டு வந்தவர். அவருடைய ஒரே மகனான அண்ணையும் கப்பலுக்குத்தான் போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் லீவில் வந்தபோது, சிங்கப்பூரில் வாங்கிய பெட்டியை வீட்டில் வைத்து, முற்றத்தில் பனை உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் அன்ரெனாவும் பூட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் அதில் ஓர் ஆங்கிலத் தொடர் வரும். விண்வெளியில் ஓடும் ஒரு கப்பலின் கதை. அதில் ஒரு தாடிக் கப்டன், எந்நேரமும் முகத்தைச் சுளிக்கும் ஒரு டொக்டர், கப்பலை ஓட்டும் ஒரு பெடியன். பெயர்கள் வாயில் நுழையாததால் அந்தப் பெடியனுக்குச் சின்னவன் என்று நாங்களே பெயர் வைத்தோம். நாங்கள் என்றால் நானும், என்னைவிட இரண்டு வயது மூத்தவனான மாமியின் மகன், என் மச்சானும்.

படம் பாதி, மழை பாதியாகத்தான் திரை இருக்கும். மச்சான் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்புவான். நான் உள்ளே இருந்து "காணும், காணும், நிப்பாட்டு! ஐயோ, படம் போட்டுது!" என்று கத்துவேன். ஆங்கிலம் எங்களுக்கு விளங்காது. பெரியப்பாதான் தன் கப்பல் ஆங்கிலத்தைக் கொண்டு விளங்கப்படுத்துவார். எதிரி வந்தாலும் டொக்டர் அழுதாலும் அவருடைய விளக்கத்தில் எஞ்சினுக்குத்தான் ஏதாவது நடந்திருக்கும். பெரியம்மா கதவடியில் இருந்து சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டு பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

தொடர் முடிந்ததும் வேலியடியில் எங்கள் சண்டை தொடங்கும்.

"போன கிழமை மூண்டு எஞ்சின் எண்டார். இப்ப ரண்டு எண்டுறார். மற்றது எங்கை?"

"அது பழுதாப்போச்சு."

"எப்ப? எந்தக் கிழமை? கொப்பியிலை இல்லையே."

"உன்ரை கொப்பியைக் கொண்டுபோய் அடுப்புக்கை வை."

பெரியப்பா சொன்னால் மச்சானுக்கு அது தேவாரம். எனக்கு அப்படியில்லை.

அந்த வருஷம் சோளகக் காற்று வீசத் தொடங்கிய காலத்தில் அண்ணையின் கடிதங்கள் நின்றுபோயின. மாதம் தவறாமல் வந்தவை. கேட்டவர்களுக்கெல்லாம் பெரியப்பா ஒரே பதில் சொன்னார்: "கப்பலிலை ரேடியோ பழுதாம். வேறை துறைமுகத்துக்குத் திருப்பிப்போட்டாங்கள். வருவான்." பெரியம்மா தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் ஆள் உள்ள வீட்டில் சாவு என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. அங்கே கோழி செத்தால்கூட, "கோழி போட்டுது" என்று, போய்விட்டதாகத்தான் சொல்வார்கள்.

ஒரு நாள் பெரியப்பா வீட்டுக்கு உப்பு வாங்கப் போனபோது, பெரியம்மா குசினிக்குள் ஒரு நீலக் கடித உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டிருந்தார். உறையில் வெளிநாட்டு முத்திரையும் பெரியப்பாவின் பெயரும் இருந்தன. என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் மூடினார். முத்திரையைக் கிழிக்கப்போய் உறை பிரிந்திருக்கும் என்று நினைத்து, கொப்பியில் எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டேன். அதோடு மறந்துவிட்டேன், ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை சின்னவனுக்கு ஆபத்து வந்துவிட்டது.

அவன் ஒரு சிறிய ஓடத்தில் தனியே போனான். திரை முழுக்க ஒரு வெளிச்சம். கப்டன் திரும்பத் திரும்ப அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"என்ன நடந்தது, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"ரேடியோ பழுதாப்போச்சு. வேறை கப்பலொண்டு அவனை ஏத்திக்கொண்டு போட்டுது. வருவான்."

அடுத்த கிழமை எல்லோரும் வரிசையாகத் தலை குனிந்து நிற்க, கப்டன் சின்னவனின் தொப்பியை ஒரு பெட்டிக்குள் வைத்தார். "அவன் வரும்வரைக்கும் சாமானைப் பத்திரமா வைக்கினம்" என்றார் பெரியப்பா. அதற்கடுத்த கிழமை சின்னவனின் கதிரையில் கட்டையாக மயிர் வெட்டிய பெண் ஒருத்தி இருந்து கப்பலை ஓட்டினாள். "தற்காலிகம்" என்றார்.

"வாறவன் எண்டால் ஏன் கதிரையைத் தூக்கி அவளுக்குக் குடுத்தவங்கள்?" என்று மச்சானை மடக்கினேன்.

"கப்பலை ஆரும் ஓட்டத்தானே வேணும், விசரி!"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பெரியப்பாவின் புளுகோ எட்டுச் சனிக்கிழமைக்கு நின்றுபிடித்தது. நான் படத்தைப் பார்ப்பதை விட்டுப் பெரியப்பாவைப் பார்க்கத் தொடங்கினேன். சின்னவனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் கண் திரையில் இல்லை. கதவடியில் இருந்த பெரியம்மாவின் முகத்தில் இருந்தது. அதையும் எழுதி வைத்தேன்.

கடைசியில் பள்ளிக்கூடத்து ஆங்கில ரீச்சரைப் போய்ப் பிடித்தேன். அவர் வீட்டிலும் தொலைக்காட்சி இருந்தது.

"அந்தப் பெடியன் அப்பவே செத்திட்டானே, பிள்ளை. அவன்ரை சாவுக்குப் பழிவாங்கத்தானே கப்டன் அலையுறான்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மற்றவர்கள் எல்லாம் பழிவாங்கும் கதை பார்க்க, நாங்கள் மட்டும் எட்டுக் கிழமையாக ஒரு தேடும் கதையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

அந்தச் சனிக்கிழமை கப்டன் சின்னவனின் படத்துக்கு முன்னால் நின்று ஏதோ சொன்னார். "கெதியிலை கண்டுபிடிச்சிடுவம் எண்டுறான்" என்று பெரியப்பா சொல்லி வாய் மூடவில்லை, நான் எழும்பிவிட்டேன்.

"பொய்! சின்னவன் செத்துப்போனான். எட்டுக் கிழமைக்கு முதலே செத்துப்போனான். ரீச்சர் சொன்னவ. நீங்கள் எங்களைப் பேய்க்காட்டுறியள்!"

முற்றத்தில் நின்ற மச்சான் குழாயை விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான். பெரியப்பா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை. எழும்பப் பார்த்தவர், திரும்பவும் கதிரையிலேயே இருந்துவிட்டார். வென்றுவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எனக்கு அதுகூட வடிவாகத் தெரிந்தது.

பெரியம்மா சுளகைக் கீழே வைத்தார்.

"உன்ரை ரீச்சருக்கு என்ன தெரியும்? கப்டன் இப்ப சொன்னதை நான் சொல்லட்டே?"

சொன்னார். கப்டன் சொன்ன வாக்கியத்தை, ஒரு சொல் பிசகாமல், வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல ஆங்கிலத்திலேயே சொன்னார். எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"அதின்ரை கருத்து, அவன் உயிரோடை இருக்கிறான், தேடிக் கொண்டுவருவம் எண்டது. பெரியப்பா சொன்னது சரி. இரு பிள்ளை, இருந்து பார்."

அந்த வாக்கியத்தில் 'டெட்' என்ற சொல் இருந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று.

பெரியப்பா மெல்லத் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். "உமக்கு இங்கிலீசு மறக்கேல்லையோ?"

"மறக்கேல்லை."

அவ்வளவுதான். பெரியப்பா எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி முகம் கழுவும் சத்தம் கனநேரம் கேட்டது. பெரியம்மா திரும்பவும் சுளகை எடுத்து மடியில் வைத்தார். தொடர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் விளங்கப்படுத்தவில்லை.

அடுத்த மாதம், உடல் இல்லாமலே, அண்ணைக்குச் செத்தவீடு நடந்தது. மற்றதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது நான் கல்யாணம் முடித்த பிறகு. பெரியம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்திலேயே படித்தவர். முப்பது வருஷத்தில் மறந்திருப்பார் என்று பெரியப்பா நம்பியிருந்தார். கப்பல் மூழ்கிவிட்டது, தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று கொம்பனியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை, பெரியம்மா தாங்கமாட்டார் என்று அவர் ட்றங்குப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தார். பெரியம்மாவோ அதை அவருக்கு முதலே வாசித்து, தனக்குத் தெரியும் என்று அறிந்தால் அவர் தாங்கமாட்டார் என்று திரும்ப ஒட்டி மேசையில் வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து நான் எழுதிய வரிகள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன: 'பெரியப்பா பொய் சொல்லுறார். பெரியம்மாவும் பொய் சொல்லுறா. ஏனெண்டு கண்டுபிடிக்க வேணும்.' சில பக்கங்களுக்கு முன்னால், சோற்றுப் பருக்கையால் ஒட்டிய நீலக் கடிதம் கேள்விக்குறியோடு கிடந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.