வரப்பில் இருந்த கூடை

கொடைக்கானல் மேல்மலையில் அரசு நிவாரணத்துக்காகப் பயிர்ச்சேதம் கணக்கெடுக்கப் போனபோது அவரைச் சந்தித்தேன். ஒல்லியான விவசாயி. ‘ஆண்டவர்’ என்று சொல்லும்போதெல்லாம் கம்பளிக் குல்லாயைக் கழற்றிவிடுவார். அவருடைய கேரட் தோட்டத்தைக் காட்டுமாடுகள் மிதித்து நாசமாக்கியிருந்தன. வரப்பில் ஒரே ஒரு கூடை கேரட் மட்டும் இருந்தது.

“சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையா, மாடு வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வச்சதுங்க” என்றார்.

முழுச் சேதம் என்றால் நிவாரணம் கூடுதல். அப்படியே எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் குல்லாயைக் கழற்றினார்.

“முழுசும் போச்சுன்னு எழுதிட்டு, இந்தக் கூடைய ஆண்டவர்கிட்ட எப்படிங்க சார் கொண்டுபோறது? வெளைய வச்சவரு மறுபடியும் வெளைய வைப்பாரு. திருத்திருங்க.”

திருத்தினேன். இத்தனை வருடத்தில் சேதத்தைக் குறைத்து எழுதச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்தக் கூடையைத் தவிர அன்று அவர் வீட்டில் சமைக்க என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.